என் பயத்தை ஆலோசனை என்று சொன்னேன்

நிதி நிறுவன மோசடியில் எல்லாவற்றையும் இழந்து நின்ற ஒருவரிடம், இழந்ததில் 12 லட்சத்தைப் புகாரில் எழுத வேண்டாம் என்று சொன்னவன் நான். அவருடைய நன்மைக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன். அவரும் அப்படியே நம்பினார். உண்மையில் அந்த வார்த்தை என்னைக் காப்பாற்றிக்கொள்ள என் வாயிலிருந்து வந்தது. அவரிடம் இதை நேரில் சொல்லிவிட்டேன். என்னைப் போலவே தொழில் செய்கிறவர்களும், அவரைப் போலவே ஏமாந்து வரிக்குப் பயந்து வாய்மூடி இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ராணிப்பேட்டை மாவட்டத்தில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். பட்டயக் கணக்காளர் படிப்பு நான் முடிக்கவில்லை, வரி ஆலோசகன்தான். ஆனாலும் ஊரில் எல்லோரும் ஆடிட்டர் என்றே கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு ஊர் கொடுக்கும் மரியாதை பெரியது. மனை வாங்குவதானாலும் விற்பதானாலும் ‘ஆடிட்டரைக் கேட்டுட்டு வர்றேன்’ என்பார்கள். கேட்டு வந்தவர்களுக்கு நான் எவ்வளவு சொன்னேன், எவ்வளவு சொல்லாமல் விட்டேன் என்பதுதான் இந்தக் கணக்கு.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. 2021 அக்டோபரில், கணவர் வாங்கிப் போட்டிருந்த வீட்டு மனையை விற்றார். விலை 50 லட்சம். பத்திரத்தில் 38 லட்சம். மீதி 12 லட்சம் ரொக்கம். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மிச்சத்துக்குக் கையில் பணம் என்பது எங்கள் பக்கத்தில் மனை விற்கிற யாருக்கும் புதிதல்ல. விற்பதற்கு முன்பே என்னைக் கேட்டார்.

“தம்பி, ரொக்கமா வாங்குறதால எதாச்சும் தப்பு வருமா?”

“எல்லாரும் செய்றதுதான் டீச்சர். பத்திரத்துல இருக்கிறதுக்கு மட்டும் கணக்குப் போட்டுக்கலாம்” என்றேன்.

என் முதல் தவறு அதுதான். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வாங்கினால், வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாக விதிக்க அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 271டி இடம் கொடுத்தது. 2015-லிருந்து இருக்கும் சட்டம். தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன்.

பத்திரத்தில் உள்ள 38 லட்சத்துக்கு மூலதன ஆதாய வரி போட்டுப் பார்த்தேன். 2001 ஏப்ரலில் அந்த மனையின் மதிப்பு 2 லட்சம் என்று வைத்து, விலையேற்றக் குறியீட்டின்படி கூட்டினால் 6.34 லட்சம். அதைக் கழித்தால் ஆதாயம் 31.66 லட்சம். அதற்கு அப்போதைய விகிதமான 20 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் சேர்த்து ஆறரை லட்சத்துக்கு மேல் வரி வந்தது. வரியே கட்டாமல் இருக்கவும் நேர்மையான வழி இருந்தது. விற்ற ஆறு மாதத்துக்குள் ஆதாயத் தொகையை ஆர்.இ.சி. போன்ற அரசு நிறுவனங்களின் 54இசி பத்திரத்தில் போட்டால் போதும். ஐந்து வருடம் எடுக்க முடியாது, வட்டியும் அப்போது ஆண்டுக்கு ஐந்து சதவீதம்தான். ஆனால் முதல் பாதுகாப்பாக இருக்கும், வரியும் வராது.

இதை அவரிடம் சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன்.

“அஞ்சு பர்சென்ட்தானா தம்பி? இந்த ஃபைனான்ஸ்காரங்க மாசத்துக்கே மூணு பர்சென்ட் தர்றாங்களே” என்றார்.

மாதம் மூன்று என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனங்கள்கூட ஆண்டுக்குப் பன்னிரண்டரை சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. அவர் சொன்ன நிறுவனத்துக்கு அந்த அனுமதியே கிடையாது. அதன் ஏஜென்ட் ஒருவர் என்னிடம்தான் ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் சேர்த்து விட்டதற்கு அவருக்கு வந்த கமிஷன் எவ்வளவு என்பது என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அவ்வளவு கமிஷனும் கொடுத்து, அவ்வளவு வட்டியும் கொடுக்க ஒரு நிறுவனம் என்ன வியாபாரம் செய்ய வேண்டும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். அப்படி ஒரு வியாபாரம் இல்லை. புதிதாக வருபவரின் பணத்தை முன்னால் வந்தவருக்கு வட்டியாகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

“வேண்டாம் டீச்சர்” என்று நான் சொல்லவில்லை. “உங்க இஷ்டம்” என்றேன். ஒருவருடைய பணத்தில் தலையிடக் கூடாது, கணக்குப் பார்ப்பதோடு என் வேலை முடிந்தது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஏஜென்ட்டும் வாடிக்கையாளர், டீச்சரும் வாடிக்கையாளர். இருவரையும் இழக்க எனக்கு மனமில்லை. என் நியாயத்துக்கு அடியில் இருந்தது அதுதான்.

முழு 50 லட்சமும் அந்த நிறுவனத்துக்குப் போனது. 38 லட்சம் வங்கி வழியாக. அதற்கு நிறுவனத்தின் பத்திரம் கொடுத்தார்கள். 12 லட்சம் ரொக்கம். அதற்கு ஏஜென்ட் ஒரு டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூத்த குடிமக்களுக்குத் தொழில் வருமானம் இல்லாவிட்டால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டியதில்லை. அதனால் ஆறரை லட்ச வரியையும் 2022 ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது கட்டினால் போதும். “அதுக்குள்ள வட்டியே சேர்ந்துடும், அதுலயே கட்டிடலாம்” என்றார். நானும் தலையாட்டினேன். வரிக்கான பணத்தையாவது வங்கியில் தனியாக எடுத்து வையுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

2022-ல் எங்கள் வட மாவட்டங்களில் நிதி நிறுவனங்கள் சரிந்தது எல்லோருக்கும் தெரியும். ஆருத்ரா நிதி நிறுவன வழக்கில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி வசூலிக்கப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. டீச்சர் பணம் போட்டது செய்திகளில் அதிகம் அடிபடாத வேறொரு நிறுவனம். அந்த ஜூனில் அதுவும் வட்டியை நிறுத்தியது. பிறகு அலுவலகத்தைப் பூட்டினார்கள்.

ஜூலையில் டீச்சர் வந்தார். மூலதன ஆதாய வரியோடு, மார்ச் வரை வங்கியில் வந்த வட்டி 5.70 லட்சத்துக்கும் வரி போட வேண்டியிருந்தது. மொத்தம் ஏழு லட்சத்துக்கு மேல்.

“பணமே போயிடுச்சே தம்பி, வரி எதுக்கு?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அவர் ஒருவர்தான் கேட்டார் என்றில்லை. அந்த வருடம் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்த பலரும் கேட்டார்கள். சட்டம் சொல்கிற பதில் இரக்கமில்லாதது. மனையை விற்ற அன்று ஆதாயம் கைக்கு வந்துவிட்டது. பிறகு அந்தப் பணத்தை என்ன செய்தீர்கள் என்பது வேறு விஷயம். வட்டி வங்கியில் வந்து விழுந்துவிட்டது. அதனால் அது வருமானம். முதல் போனதே, அதைக் கழிக்கலாமா என்றால், கழிக்க வழியில்லை. வியாபாரிக்கு உண்டு. ஊழியர் கையாடல் செய்தால் அதை வியாபார நஷ்டமாக ஏற்கலாம் என்று 1958-லேயே பத்ரிதாஸ் டாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையாடல் எந்த ஆண்டில் தெரிய வருகிறதோ அந்த ஆண்டில் கழித்துக்கொள்ளலாம் என்று 1965-ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கையும் விட்டது. வட்டிக்கு விடுவதையே தொழிலாகச் செய்பவருக்கு வாராக்கடன் கழிவு உண்டு. ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியை தன் சேமிப்பை மோசடியில் இழந்தால், அந்த இழப்பை எழுத ரிட்டர்னில் ஒரு கட்டம்கூட இல்லை.

அமெரிக்காவில் 2008 டிசம்பரில் பெர்னார்ட் மேடாஃப் கைதான பிறகு, மூன்றே மாதத்தில், 2009 மார்ச்சில், அந்நாட்டு வருமான வரித் துறை ஒரு வழிமுறையை அறிவித்தது. இப்படிப்பட்ட மோசடியில் போன முதலைத் திருட்டு இழப்பாகக் கழித்துக்கொள்ளலாம். கைக்கு வராமலேயே வருமானமாகக் காட்டி வரி கட்டிய தொகையையும் அந்த இழப்பில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது ஆள் யார் மீதும் வழக்குத் தொடுக்காதவர்கள் 95 சதவீதமும், தொடுப்பவர்கள் 75 சதவீதமும் உடனே கழிக்கலாம் என்று எளிமையான கணக்கும் கொடுத்தார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று இல்லை. வேண்டும் என்று நான் உரக்கச் சொல்வேன். ஆனால் சட்டத்தின் குறையைச் சொல்லி என் குறையை மறைத்துக்கொள்ள மாட்டேன்.

தன் நகையையும் மகளின் நகையையும் அடகு வைத்து அந்த வரியைக் கட்டினார். பத்திரத்தில் உள்ள 38 லட்சத்தை மட்டும் காட்டி நான் ரிட்டர்ன் போட்டேன். 12 லட்சம் அதில் இல்லை.

அடுத்து வந்ததுதான் என் பெரிய தவறு. செப்டம்பரில் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மனுவை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். ஆசிரியையின் கையெழுத்து, அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. மொத்தம் 50 லட்சம் என்று எழுதி, 38 எப்படி, 12 எப்படி என்று பிரித்துக் காட்டியிருந்தார்.

படித்ததும் எனக்கு வியர்த்தது. அந்த மனு ஒருநாள் வருமான வரி அதிகாரி கையில் கிடைத்தால், 12 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். பதில் இல்லையென்றால் கணக்கில் வராத பணம். அப்போதைய சட்டப்படி அதற்கு வரி, கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்த்து 78 சதவீதம். மனை விற்ற பணம் என்று உண்மையைச் சொன்னால், ரொக்கம் வாங்கியதற்கு 271டி. ரிட்டர்னில் காட்டாமல் விட்டது யார் என்றால், நான்.

“டீச்சர், இந்த 12 லட்சத்த எடுத்துடுங்க. போலீஸ்ல கொடுத்தா அது இன்கம்டாக்ஸுக்குப் போகும். போனதுக்கு மேல இன்னொரு பத்து லட்சம் கேப்பாங்க. உங்களால தாங்க முடியாது” என்றேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. வாழ்நாள் முழுக்க அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். நோட்டீஸ் என்ற சொல்லுக்கே பயப்படுகிறவர். என் எதிரிலேயே வேறு தாள் வாங்கி, 38 லட்சம் என்று திருத்தி எழுதினார். எழுதி முடித்ததும் எனக்கு நன்றி சொன்னார்.

நான் சொன்ன ஆபத்து பொய்யில்லை. ஆனால் அதற்கு மறுபக்கமும் இருந்தது. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை ரிட்டர்னைத் திருத்தித் தாக்கல் செய்ய நேரம் இருந்தது. அது தாண்டினாலும், 2022-ல்தான் புதிதாக வந்த ‘புதுப்பித்த ரிட்டர்ன்’ வழி இருந்தது. விட்டுப்போன வருமானத்தைத் தாமாகவே முன்வந்து காட்டி, கூடுதல் வரியோடு கட்டிவிடலாம். 12 லட்சத்தையும் மனை விலையில் சேர்த்துக் காட்டினால் வரக்கூடிய வரி ஏறத்தாழ இரண்டரை லட்சம். 271டி அபராதம் வரும் வாய்ப்பு உண்டு. ஆனால் நியாயமான காரணம் இருந்தால் அபராதம் வேண்டாம் என்று சொல்ல பிரிவு 273பி இருந்தது. இதையெல்லாம் விரித்து வைத்து, ‘இரண்டரை லட்சம் கட்டி, அபராத ஆபத்தையும் ஏற்று, முழுத் தொகைக்கும் உரிமை கேட்கலாம், அல்லது 12 லட்சத்தை விட்டுவிடலாம். முடிவு உங்களுடையது’ என்று சொல்லியிருக்க வேண்டும். நகை அடகில் இருந்த நேரத்தில் இரண்டரை லட்சத்துக்கு எங்கே போவார் என்பது எனக்கும் தெரியும். வேண்டாம் என்றே முடிவெடுத்திருக்கலாம். ஆனால் அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. ரிட்டர்னைத் திருத்தினால் முதல் ரிட்டர்ன் தெரிந்தே தவறாகப் போடப்பட்டது என்று வெளியே வரும் என்பதுதான் என் கவலையாக இருந்தது. என் பெயரைக் காப்பாற்ற, அவருடைய 12 லட்சத்தை நான் விட்டுக்கொடுத்தேன்.

தமிழ்நாட்டில் 1997-லிருந்து முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மோசடி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, மாவட்ட வருவாய் அலுவலரைத் தகுதிவாய்ந்த அதிகாரியாக வைத்து, ஏலம் விட்டு, புகார் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் நோக்கம். அதற்கு ஆகும் காலம் நீளமானது. திருப்பூர் பாசி நிறுவனம் 2009-ல் விழுந்தது. சுமார் 930 கோடி. கோவை சிறப்பு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது 2022 ஆகஸ்டில். வரிக்கு ஜூலை 31 என்று தேதி இருக்கிறது. இழந்த பணம் திரும்புவதற்குத் தேதி எதுவும் இல்லை. அப்படித் தாமதமாக வரும் பங்கும், புகாரில் எழுதிய தொகையை வைத்துத்தான். எழுதாத தொகை கணக்கிலேயே வராது.

2023 கடைசியில், முதலீட்டாளர்களின் விவரங்களைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். போய்விட்டு நேராக என் அலுவலகத்துக்கு வந்தார் டீச்சர். கட்டிய 38 லட்சத்தில், ஏழு மாதம் வட்டியாக வந்த 8 லட்சத்தைக் கழித்து, அவருக்கு வர வேண்டியது 30 லட்சம் என்று குறித்திருந்தார்கள்.

“வட்டின்னு வந்தத முதல்லயே கழிச்சுட்டாங்க தம்பி. அப்ப அது வருமானம் இல்லியே? அதுக்கு ஏன் நான் வரி கட்டினேன்?”

என்னிடம் பதில் இல்லை. ஒரு அலுவலகம் அதைத் திரும்பி வந்த முதல் என்கிறது, இன்னொன்று வருமானம் என்கிறது. தன் பணமே வட்டி என்ற பெயரில் தன்னிடம் திரும்பி வந்ததற்கு அவர் வரி கட்டியிருக்கிறார். அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தவர், “அந்தப் பன்னெண்டும் இதுல இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்ல” என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல்தான் விட்டோம் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நம்பிக்கையை அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பொங்கல் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரிட்டர்னைத் திருத்த வழி இருந்தது, எனக்குத் தெரியும், என் மேல் பழி வரும் என்று சொல்லாமல் விட்டேன், புகாரில் அந்தத் தொகையை எடுக்கச் சொன்னதும் அதற்காகத்தான் என்று சொன்னேன்.

கோபப்படவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல. ஆனா என்னக் கேட்டிருக்கணும்ல?” என்றார்.

ஆமாம் என்பதைத் தவிர நான் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டு இடத்திலும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவரே முடிவெடுத்தார். அதில் என்னென்ன ஆபத்து என்று இந்த முறை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன், படித்துவிட்டுத்தான் முடிவெடுத்தார். 2024 மார்ச் 31-க்குள் புதுப்பித்த ரிட்டர்ன் போட்டால் வரியின் மேல் கூடுதலாக 25 சதவீதம். அதைத் தாண்டினால் 50 சதவீதம். மார்ச்சில் போட்டோம். 12 லட்சத்துக்கு மட்டும் வரி 2,49,600 ரூபாய், கூடுதல் 62,400 ரூபாய். அந்தத் தொகைக்கு ரொக்கமாக வந்த வட்டிக்கு வரி தனி. வரியை அவர் கடன் வாங்கிக் கட்டினார். கூடுதல் தொகை முழுவதையும் நான் கட்டினேன். 2022 டிசம்பர் 31-க்குள் நான் பேசியிருந்தால் அந்தக் கூடுதல் வந்தே இருக்காது. அதை அவரும் உதவியாக எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் சரி.

பொருளாதாரக் குற்றப்பிரிவில் கூடுதல் மனு கொடுக்க நானும் உடன் போனேன். முதலில் ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். வரிக்குப் பயந்து, என் ஆலோசனையின் பேரில் விட்டுவிட்டார் என்று நானே சொன்னேன். டைரிப் பக்கத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த 12 லட்சம் ஏற்கப்படுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. புகார் கொடுத்த புதிதில் ஏஜென்ட் ஊரில் இருந்தார், கேட்டால் ஒப்புக்கொண்டிருப்பார். இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இந்த நஷ்டத்தை என்னால் ஈடுகட்ட முடியாது. 271டி நோட்டீஸ் இதுவரை வரவில்லை. வந்தால் அவருக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாட வேண்டியவன் நான். ரொக்கம் வாங்கலாம் என்று சொன்னது நான்தான் என்பதையும் அங்கே எழுத்தில் கொடுக்க வேண்டியவன் நான்.

இப்போது யார் மனை விற்கப் போவதாக வந்தாலும், ரொக்கமாக ஒரு ரூபாயும் வாங்காதீர்கள் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். பணத்தை எங்கே போடப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் சச்செட் தளத்தில் அவர்கள் எதிரிலேயே பார்க்கிறேன். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். வரிக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன். ஏமாந்து வருபவர்களிடம் வட்டி வந்த வங்கிக் கணக்கு விவரம், வரி பிடித்ததற்கான ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். நிறுவனம் வட்டியில் வரி பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் போயிருந்தால், பிடித்த அளவுக்கு அந்த வரியை உங்களிடம் திரும்பக் கேட்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. ஆனால் பிடித்ததை நிரூபிக்க உங்களிடம் தாள் இருக்க வேண்டும்.

ஏமாந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். வரிக்குப் பயந்து புகாரில் தொகையைக் குறைக்காதீர்கள். கணக்கில் காட்டாத பணம் அதில் இருந்தால், அதைச் சரிசெய்ய என்ன வழி, எவ்வளவு செலவு, என்ன ஆபத்து என்று உங்கள் ஆடிட்டரை எழுத்தில் கேளுங்கள். ‘விட்டுவிடுங்கள்’ என்று மட்டும் சொல்கிறவர் என்றால், அந்த ரிட்டர்னை யார் போட்டது என்பதையும் கேளுங்கள். என்னிடம் டீச்சர் அதைக் கேட்டிருந்தால், அன்றைக்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.